கரகர, உர்ர், டிக்-டிக்: ஸ்பீக்கர் இரைச்சலின் 150 வருடக் கதை



இந்தக் காலாண்டு இதழுக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். சோழர், பல்லவர் பற்றி எழுத நம் பிளாக்குகளிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே அரசர்களை விட்டுவிட்டு, நம் எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒரு சமாசாரத்தை எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்கும் இரைச்சல்தான் அது.

இதற்கெல்லாம் ஒரு சரித்திரமா என்று சிரிக்க வேண்டாம். டெலிபோன் பிறந்த அன்றே இந்த இரைச்சலும் பிறந்துவிட்டது. அதைத் துரத்திப் போனவர்களில் ஒருவர் வானியலில் ஒரு புதிய துறைக்கே வழி திறந்தார். இருவர் நோபல் பரிசு வாங்கினார்கள். அதைத் தவறான வழியில் அலட்சியம் செய்த இடங்களில் உயிரும் போயிருக்கிறது. நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கடைசி விஷயமே காரணம். "ஸ்பீக்கர்ல உர்ர்ருன்னு சத்தம் வருதா? பிளக்கோட மேல் பின்னை எடுத்துடுங்க, சத்தம் போயிடும்" என்று ஒரு யோசனை ஊர் முழுக்கச் சுற்றுகிறது. சத்தம் சில சமயம் போகவும் செய்யும். ஆனால் அதனுடன் வேறு என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

வித்தியாசத்துக்கு ஒரு முகம் உண்டு

கையால் லெட்ஜர் எழுதிய காலத்தில், மாலையில் கணக்கு டேலி ஆகாவிட்டால் விவரமுள்ளவர்கள் உடனே எல்லா வவுச்சர்களையும் புரட்ட மாட்டார்கள். முதலில் வித்தியாசத் தொகையை உற்றுப் பார்ப்பார்கள். அது 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ 54 என்பது 45 என்று இடம் மாறி ஏறியிருக்கலாம். இரட்டைப்படைத் தொகையாக இருந்தால், அதில் சரிபாதிக்கு ஒரு வவுச்சர் இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால், பற்றில் ஏற வேண்டியது வரவில் ஏறியிருக்கக்கூடும். வித்தியாசத்தின் முகத்தைப் பார்த்தே அதன் ஊரைச் சொல்லிவிடலாம்.

ஸ்பீக்கர் இரைச்சலும் அப்படித்தான். விட்டுவிட்டுக் கேட்கும் "கரகர" ஒரு ஊர். இடைவிடாத "ஸ்ஸ்ஸ்" ஒரு ஊர். "டிக்-டிக்-டிக்" வேறு ஊர். அடிவயிற்றிலிருந்து வருகிற "உர்ர்ர்" இன்னொரு ஊர். ஒவ்வொன்றும் சரித்திரத்தில் ஒவ்வொரு காலத்தில் அறிமுகமானவை. வந்த வரிசையிலேயே பார்ப்போம்.

பூமியே கம்பியாக இருந்த காலம்

1838-ல் மியூனிக் நகரப் பேராசிரியர் ஷ்டைன்ஹைல் ஒன்றைக் கண்டுபிடித்தார். தந்தி அனுப்ப, போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு கம்பிகள் தேவையில்லை. ஒரு கம்பி போதும், திரும்பி வரும் வழியாகப் பூமியையே வைத்துக்கொள்ளலாம் என்றார். பாதிக் கம்பிச் செலவு மிச்சம். தந்திக் கம்பெனிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊரெல்லாம் ஒற்றைக் கம்பியாயிற்று.

1876-ல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றபோது, டெலிபோனும் அதே ஒற்றைக் கம்பி, பூமி வழித் திரும்புதல் என்ற ஏற்பாட்டைச் சுவீகரித்துக்கொண்டது. தந்தியில் வெறும் கட்டு-கட-கட. சின்னச் சின்ன இரைச்சல் அதில் தெரியாது. டெலிபோனோ மெல்லிய மின்னோட்டத்தையும் காதில் போட்டுவிடும் கருவி. பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்சன், பாஸ்டன் நகரில் வீட்டுக் கூரைகள்மேல் போட்டிருந்த சோதனைக் கம்பியில் ராத்திரி நேரத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாராம். "சட்" என்று ஒரு வெடிப்பு, பறவை கத்துவது போல ஒரு கிறீச்சு, இன்னும் என்னென்னவோ. அப்போது அந்த ஊரில் மின்விளக்கும் இல்லை, மின்சார டிராமும் இல்லை. சூரியனில் நடக்கும் வெடிப்புகளாக இருக்குமோ, வேறு கிரகத்திலிருந்து யாராவது பேசுகிறார்களோ என்றெல்லாம் அவர் யோசித்ததாகப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. 1888-ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் பெரிய அளவில் மின்சார டிராமை ஓட்டிக் காட்டினார். மற்ற ஊர்களும் பின்தொடர்ந்தன. டிராமுக்கும் திரும்பும் வழி தண்டவாளமும் பூமியும்தான். டெலிபோனும் டிராமும் ஒரே பூமியைப் பங்கு போட்டுக்கொண்டன. டிராம் நகரும்போதெல்லாம் டெலிபோனில் உறுமல். டெலிபோன் கம்பெனிகளும் டிராம் கம்பெனிகளும் கோர்ட்டு வரைக்கும் போயின.

தீர்வு ஏற்கெனவே பெல்லின் கையில் இருந்தது. 1881-லேயே அவர் இதற்கென்று ஒரு காப்புரிமை பெற்றிருந்தார். பூமியை விட்டுவிட்டு இரண்டு கம்பிகளைப் போடு, அவை இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கு என்பதுதான் அது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறும். காதில் கேட்பதோ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். ஒரே தொகை இரண்டு பக்கமும் விழுந்தால் மிச்சம் பூஜ்யம் என்பது எங்களைப் போன்ற காமர்ஸ் ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும். இன்று உங்கள் வீட்டு இன்டர்நெட் கேபிளை வெட்டிப் பார்த்தால் நான்கு ஜோடிக் கம்பிகள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். அது பெல் காட்டிய வழிதான்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். டெலிபோன்காரர்கள் இரைச்சலைப் போக்கப் பூமியைக் குறை சொல்லவில்லை. பேச்சு போகும் வழியைப் பூமியிலிருந்து பிரித்தார்கள். அவ்வளவுதான்.

மின்னல் பாடிய ரேடியோ

அடுத்து வந்தது ரேடியோ. நம் நாட்டு ரேடியோ சரித்திரத்தில் சென்னைக்கு முன்வரிசை இடம் உண்டு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924-ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்ற சங்கத்தை அமைத்தார். அந்த வருடமே ஒலிபரப்பும் தொடங்கியது. பணமுடையால் அது நின்றபின் 1930-ல் மாநகராட்சி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

அந்தக் கால ரேடியோ கேட்டவர்களுக்குத் தெரியும், வானத்தில் எங்கோ மின்னினால் கச்சேரியின் நடுவே "கரகர கர்ர்" என்று விழும். காரணம் எளிது. மீடியம் வேவ், ஷார்ட் வேவ் ஒலிபரப்புகளில் அலையின் உயரம் கூடிக் குறைவதுதான் பாட்டு. மின்னலும் அலையின் உயரத்தைத்தான் கலைக்கிறது. எது பாகவதர், எது மின்னல் என்று பெட்டிக்குத் தெரியாது.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு வேறு வழி பார்த்தார். அலையின் உயரத்தைத் தொடாமல் அதன் அதிர்வெண்ணை மட்டும் மாற்றிப் பாட்டை ஏற்றினால், மின்னல் உயரத்தை என்ன செய்தாலும் கவலையில்லை. இதற்கு அவர் 1933-ல் காப்புரிமைகள் பெற்றார். அதுதான் எஃப்.எம். ஆனால் பெரிய கம்பெனிகளுடன் வருடக்கணக்கில் வழக்காடி, பணமும் மனமும் ஓய்ந்து, 1954-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் மனைவி மேரியன் வழக்குகளை விடாமல் நடத்தி 1960-களில் வெற்றி பெற்றார். இந்தியாவில் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல் சென்னையில்தான் தொடங்கியது. இன்று சமையலறையில் கரகரப்பில்லாமல் பாட்டுக் கேட்கிறோம் என்றால் அந்தத் தம்பதிக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

இன்றைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் வரும் கரகரப்புக்கு மின்னல் காரணமாக இருப்பது அபூர்வம். ஆனால் சின்னச் சின்ன மின்னல்கள் நம் வீட்டுக்குள்ளேயே உண்டு. சுவிட்சைத் தட்டும்போது விழும் பொறி, மிக்சி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பறக்கும் பொறி, சில எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்கள் மின்சாரத்தை வினாடிக்கு நூறு தடவை நறுக்குவது எல்லாமே அந்த வகைதான். அதை விடவும் சாதாரணமான காரணம், ஸ்பீக்கரின் வால்யூம் திருகை. உள்ளே இருக்கும் கார்பன் தடத்தில் தூசு படிந்தால் திருகும்போது மட்டும் "கரகர" என்னும். அல்லது ஜாக் பாதி நுழைந்திருக்கும். இதற்கெல்லாம் எலெக்ட்ரீஷியன் தேவையில்லை.

"ஸ்ஸ்ஸ்" என்பது எல்லாப் பொருளின் மூச்சு

பாட்டு எதுவும் ஓடாதபோது வால்யூமை முழுக்க ஏற்றிக் காதை அருகே வைத்தால் மெல்லிய "ஸ்ஸ்ஸ்" கேட்கும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று பலர் மாற்றிவிடுகிறார்கள். இதை முதலில் அளந்து சொன்னவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் ஜான்சன். அதற்குக் கணக்கு எழுதியவர் அவருடைய சகா ஹாரி நைக்விஸ்ட். இருவருமே ஸ்வீடனில் பிறந்தவர்கள். 1928-ல் அவர்கள் சொன்னது இது. எந்த மின்தடையிலும், அது சூடாக இருக்கிற ஒரே காரணத்தால், உள்ளே எலெக்ட்ரான்கள் தாறுமாறாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் இரைச்சலாகக் கேட்கும். பழுதில்லாத பொருளுக்கும் அது உண்டு. சாதாரண வால்யூமில் கேட்காத அளவில் இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

அதே ஆய்வுக்கூடத்தில் 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அட்லாண்டிக் கடல் தாண்டிப் பேசும் ரேடியோ டெலிபோனில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில், சக்கரத்தின் மேல் சுற்றும் ஒரு பெரிய ஆண்டெனா கட்டினார். வந்த இரைச்சலை மூன்றாகப் பிரித்தார். பக்கத்து இடி மின்னல், தூரத்து இடி மின்னல், இரண்டிலும் சேராத ஒரு மெல்லிய "ஸ்ஸ்". அந்த மூன்றாவது ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட 4 நிமிடம் முன்னால் உச்சத்துக்கு வந்தது. 24 மணி நேரம் அல்ல, 23 மணி 56 நிமிடம். அது நட்சத்திரங்கள் ஒரு சுற்று வரும் நேரம். இரைச்சல் நம் பால்வீதியின் மையப் பக்கமிருந்து வருகிறது என்று 1933-ல் அறிவித்தார். ரேடியோ வானியல் பிறந்தது அப்படித்தான். 4 நிமிட வித்தியாசத்தைத் தள்ளுபடி செய்யாமல் துரத்தியதற்குக் கிடைத்த பலன்.

பெட்டிக்குள் குடிவந்த ஒலி

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதற்குள் இருந்தது சின்னதாக ஒரு ஸ்பீக்கர். "பீப்" என்பதற்கு மேல் அதிகம் பேசாது. 1984-ன் ரங்கராஜன் கமிட்டி அறிக்கைக்குப் பிறகு வங்கிக் கிளைகளுக்குள் லெட்ஜர் போஸ்டிங் இயந்திரங்கள் வந்ததே, அவையும் அந்த ரகம்தான். "பீப்" என்றால் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் என்ற அட்டையைக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் வீட்டுக் கம்ப்யூட்டர் பாடத் தொடங்கியது. 1997-ல் இன்டெல் ஏ.சி.97 என்ற விதிமுறையை வெளியிட்டது. அதன்பின் தனி அட்டை போய், ஒலிச் சில்லு மதர்போர்டிலேயே உட்கார்ந்துகொண்டது. ஸ்பீக்கர் துளைக்கு இளம் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்ற நிற ஏற்பாடு பி.சி. 99 என்ற விதித் தொகுப்போடு பரவியது.

செலவு குறைந்தது. ஆனால் ஒலி குடிவந்த வீடு சந்தைக்கடை. ஒரு பக்கம் ஃபேன் மோட்டார், ஒரு பக்கம் ஹார்டு டிஸ்க், ஒரு பக்கம் மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். இவற்றுக்கு நடுவே மெல்லிய பாட்டு சிக்னல். மவுஸை நகர்த்தினால், பக்கத்தை உருட்டினால் "ங்கிய்ய்" என்று ஒரு சன்னச் சத்தம் கேட்கிறதா? பிராசஸரின் வேலை கூடிக் குறையும்போது மின்னோட்டமும் கூடிக் குறைகிறது. அதன் எதிரொலி பாட்டில் ஏறுகிறது. இதற்கு வழி, ஒலியைத் தனிக்குடித்தனம் வைப்பது. சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் கிடைக்கிறது. பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். சில டி.வி.க்களிலும் கம்ப்யூட்டர்களிலும் ஆப்டிகல் துளை இருக்கும். 1983-ல் தோஷிபா கொண்டுவந்தது. அதில் ஒலி வெளிச்சமாகப் போகிறது. கம்பித் தொடர்பே இல்லாததால் மின் இரைச்சல் அந்த வழியாக ஏற முடியாது.

"டிக்-டிக்-டிக்": போன் வரப்போகிறது

1995 ஜூலை 31-ல் இந்தியாவில் முதல் மொபைல் அழைப்பு கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அதற்குப் பின் சில வருடங்களில் நம் ஸ்பீக்கர்களுக்கு ஜோசியம் தெரிய ஆரம்பித்தது. போன் மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்பே "டிக்-டிக்-டிக், டுர்ர்ர்" என்று சொல்லிவிடும்.

2ஜி போன் தொடர்ச்சியாகப் பேசாது. ஒரே அலைவரிசையை 8 பேர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். உங்கள் முறை வினாடிக்கு ஏறத்தாழ 217 தடவை வரும். ஒவ்வொரு முறையும் போன் பட்டென்று சக்தியை வெளியிட்டு நிறுத்தும். ஸ்பீக்கர் வயர் ஆண்டெனா போல அதைப் பிடிக்கும். ஆம்ப்ளிஃபயர் அந்த 217-ஐ ஒலியாக்கிவிடும். 3ஜி, 4ஜி வந்தபின் இந்தத் துண்டு துண்டான பேச்சு குறைந்து, இந்தச் சத்தமும் குறைந்துவிட்டது. இன்னும் கேட்டால் போனை ஓரடி தள்ளி வையுங்கள். வைத்தியம் அவ்வளவே.

"உர்ர்ர்" என்பதும் மூன்றாவது பின்னும்

கடைசியாக, ஆனால் முதன்மையாக, அந்தக் கனத்த "உர்ர்ர்". நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 தடவை திசை மாறி மாறி ஓடுகிறது. அந்த 50-ம் அதன் இரட்டிப்பான 100-ம் தான் இந்த உறுமல்.

அது எப்படி ஸ்பீக்கருக்குள் வருகிறது? கம்ப்யூட்டர் ஒரு அறையின் பிளக்கில் இருக்கிறது. அதற்கு எர்த் உண்டு. பெரிய ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கில். அதற்கும் எர்த் உண்டு. நடுவில் ஆடியோ வயர். அதன் வெளிப்பின்னலும் இரண்டு பெட்டிகளையும் இணைக்கிறது. இப்போது எர்த் வழியாக ஒன்றும் வயர் வழியாக ஒன்றுமாக ஒரு வளையம் உண்டாகிவிட்டது. இரண்டு எர்த் புள்ளிகளுக்கும் நடுவே துளி வித்தியாசம் இருந்தாலே போதும். அந்த வளையத்தில் 50 ஓடும். ஓடினால் உறுமும். டி.வி.யோடு இணைத்தால் மட்டும் உறுமுகிறது என்றால், மாடியிலிருந்து வரும் டிஷ் அல்லது கேபிள் டி.வி. வயர் வேறு ஒரு எர்த்தைக் கொண்டுவருகிறது என்று பொருள். டிராமும் டெலிபோனும் ஒரே பூமியைப் பங்கு போட்ட அதே பழைய தகராறுதான்.

இந்த இடத்தில்தான் அந்த விபரீத யோசனை வருகிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் வளையம் அறுந்துபோகும், உறுமல் நிற்கும். உண்மை. ஆனால் அந்தப் பின் ஸ்பீக்கருக்காக வைத்தது அல்ல, உங்களுக்காக வைத்தது.

நம் மூன்று பின் பிளக்கின் மூலம் 1934-ன் பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரநிர்ணயம். நம் ஐ.எஸ். 1293 அந்த வழியில் வந்தது. பிளக்கை எடுத்துப் பாருங்கள், எர்த் பின் மற்ற இரண்டைவிடப் பருமனாகவும் நீளமாகவும் இருக்கும். நீளம் எதற்கு? பிளக்கைச் செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும். மின்சாரம் வருவதற்கு முன்னால் காவல் வந்து, மின்சாரம் போன பிறகே காவல் போக வேண்டும் என்று 1934-லேயே யோசித்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸில், இரைச்சலை வடிகட்டுவதற்கென்று லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் இணைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பில் லைன் வோல்டேஜில் ஏறத்தாழ பாதி நிற்கும். கேபினட்டைத் தொட்டால் "சுருக்" என்பது இதுதான். அது கசிவு மட்டும். பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே ஒரு வயர் உரசி லைன் பெட்டியைத் தொட்டுவிட்டால் 230 வோல்ட்டும் வெளியில் நிற்கும். எர்த் இருந்தால் அந்தக் கணமே ஆர்.சி.சி.பி. விழும் அல்லது ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் யாராவது ஒருவர் தொடும்வரை அது காத்துக்கொண்டிருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1972 மே 3-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் என்ற இசைக்குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் கண்ணெதிரே மின்சாரம் தாக்கி இறந்தார். நான்கு வருடம் கழித்து, 1976 மே மாதம், யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் சொந்த வீட்டிலேயே, எர்த் சரியில்லாத எலெக்ட்ரிக் கிடாரால் உயிரிழந்தார். இருவரும் ஒலிக் கருவிகளோடு வாழ்ந்த தொழில்முறைக் கலைஞர்கள். நம் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடுவது ஆன்லைன் கிளாஸுக்கு உட்காரும் பேத்தியும், ஈரக்கையோடு பஜனைப் பாட்டு போட வரும் பாட்டியும்.

இரண்டு பின் உள்ள சின்ன ஸ்பீக்கர்களும் சார்ஜர்களும் ஆபத்தா என்று கேட்பீர்கள். இல்லை. அவற்றில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லாமலே அமைத்தது என்று அதற்கு அர்த்தம். மூன்று பின்னோடு பிறந்த கருவியை இரண்டு பின்னாக ஆக்குவதுதான் குற்றம்.

வித்தியாசத்தைத் தேடும் முறை

அப்படியானால் உறுமலுக்கு என்ன செய்வது? டெலிபோன்காரர்கள் செய்ததைத்தான். பேச்சின் வழியைப் பிரிக்க வேண்டும், காவலை எடுக்கக் கூடாது. ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள்.

முதலில் ஆடியோ வயரைக் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் பிடுங்குங்கள். உறுமல் அப்படியே இருந்தால் குறை ஸ்பீக்கரிலோ வயரிலோ. நின்றுபோனால் கம்ப்யூட்டர் பக்கம். அதே வயரை மொபைல் போனில் செருகி, அந்தப் போன் சார்ஜரில் இல்லாமல், கேளுங்கள். சுத்தமாக இருந்தால் ஸ்பீக்கர் நிரபராதி.

இரண்டாவது, லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது சார்ஜர் வழியாக வருகிறது.

மூன்றாவது, கம்ப்யூட்டர், மானிட்டர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுங்கள். எர்த் புள்ளி ஒன்றானால் வித்தியாசமும் அநேகமாக மறைந்துவிடும். பாதி வீடுகளில் வேலை இத்துடன் முடியும்.

நான்காவது, டி.வி. இணைந்திருந்தால் கேபிள் அல்லது டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் குற்றவாளி அங்கே.

ஐந்தாவது, அப்படியும் நிற்காவிட்டால் ஆடியோ வயரின் நடுவே ஐசொலேட்டர் என்ற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைப் போடுங்கள். பாட்டு காந்தப்புலமாகத் தாண்டும், கம்பித் தொடர்பு அறுந்துபோகும், பிளக்கின் எர்த் இருந்த இடத்தில் இருக்கும்.

எல்லாவற்றையும் கழித்த பிறகும் மிச்சம் நின்ற ஒரு இரைச்சல் சரித்திரத்தில் உண்டு. 1964-65-ல் அதே ஹோம்டெல்லில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய கொம்பு ஆண்டெனாவில் போகாத இரைச்சலைத் துரத்தினார்கள். நகரத்து இரைச்சலா என்று பார்த்தார்கள். இணைப்புகளைச் சரிபார்த்தார்கள். ஆண்டெனாவுக்குள் கூடு கட்டிய புறாக்களைப் பிடித்து அனுப்பி, எச்சத்தையும் சுரண்டிக் கழுவினார்கள். நம் டக்ட்டுகளில் புறாவோடு போராடுகிறவர்களுக்கு அந்த வலி புரியும். அப்படியும் இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சம் தோன்றிய காலத்தின் மிச்ச வெப்பம் என்று பிறகு தெரிந்தது. 1978-ல் நோபல் பரிசு வந்தது. பொறுமையாக ஒவ்வொன்றாகக் கழித்ததால்தான் மிச்சத்தை அவர்களால் நம்ப முடிந்தது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

ஒவ்வொரு வீட்டிலும் மூன்றாவது பின் இருந்தும், அந்தப் பச்சை வயர் போய்ச் சேரும் குழி வறண்டு கிடந்தால் பயனில்லை. கரியும் உப்பும் போட்ட பழைய முறை எர்த் குழிகள் கோடையில் காய்ந்தால் அவற்றின் மின்தடை ஏறிவிடும். ஆகவே செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, கோடைக்கு முன் எல்லா பிளாக்குகளின் எர்த் குழிகளையும் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மீட்டர் வைத்து அளந்து, எத்தனை ஓம் என்று நோட்டீஸ் போர்டில் போட வேண்டும். இரண்டு, கோடை மாதங்களில் குழிகளுக்குத் தண்ணீர் விடும் பொறுப்பை ஒரு ஊழியர் பெயரில் எழுதி வைக்க வேண்டும். மூன்று, அதே எலெக்ட்ரீஷியன் விருப்பமுள்ள வீடுகளில் கம்ப்யூட்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பிளக்குகளில் எர்த் வருகிறதா என்று சோதிக்கவும், ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க வேண்டும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேலை. இதைப் படித்து முடித்ததும் மேஜைக்கு அடியில் குனிந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பாருங்கள். இரண்டு பின் கன்வெர்ட்டர் ஏதாவது மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். மேல் பின் உடைந்திருந்தால் புது வயர் வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. அதன் பிறகும் ஸ்பீக்கர் உறுமினால் மேலே சொன்ன ஐந்து வழிகளையும் வரிசையாகச் செய்து பாருங்கள். நிற்காவிட்டால் மாலை நேரத்தில் சி பிளாக் பெஞ்சுக்கு வாருங்கள், சேர்ந்து தேடுவோம்.

- ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், சி பிளாக்